எட்டுப் பேரின் கோப்பு

என் மகள் இருமினால் நான் எழுந்து நிற்கிறேன். சாப்பாட்டுக்கு நடுவிலும் அப்படித்தான். அவளுக்குத் தண்ணீர் புரையேறியிருக்கும், அவ்வளவுதான். "ஒண்ணுமில்லப்பா, உக்காருங்க" என்பாள். உட்காருவதற்கு முன் அவளுடைய உதடுகளைப் பார்ப்பேன். நிறம் சரியாக இருந்தால்தான் அடுத்த கவளம் இறங்கும். இரண்டு மாதமாக இந்த வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. மனைவி முதலில் சிரித்தாள், பிறகு கோபப்பட்டாள், இப்போது என் தட்டை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள்.

நாங்கள் குண்டசாலையில் இருக்கிறோம். நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படித்து, மூன்று மொழியும் ஓரளவுக்குப் பிழையில்லாமல் வந்ததால் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். பதினான்கு வருடமாகிறது. நான் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. என் வேலை கோப்புகள். யாருக்கு எத்தனை வயது, யாருக்கு நியமனக் கடிதம் கொடுத்தாயிற்று, தீயணைப்புப் பயிற்சிக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள், இவையெல்லாம் என் அலுமாரியில் நிறம் நிறமாக அடுக்கியிருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒடிட்டுக்கு, அதாவது தொழிற்சாலையைச் சோதிக்க, வருகிறவர்கள் அந்த அலுமாரியைத்தான் முதலில் திறக்கச் சொல்வார்கள்.

இப்போதெல்லாம் பெரிய உடுப்புக் கம்பனிகள் தங்கள் உடுப்பு எங்கே தைக்கப்படுகிறது என்று இணையத்தளத்தில் பட்டியல் போடுகின்றன. உலகப் படத்தில் சிறு புள்ளிகள். ஒரு புள்ளியைத் தொட்டால் தொழிற்சாலையின் பெயர், வீதி, வேலை செய்கிறவர்களின் தொகை, அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எல்லாம் வரும். எங்கள் புள்ளிக்கு உரிய விபரங்களை நிரப்பியவன் நான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும்போது ஒரு கேள்வி வரும். இந்த முகவரிக்கு வெளியே வேறெங்காவது வேலை நடக்கிறதா? ஒவ்வொரு தடவையும் "இல்லை" என்பதில் அடையாளம் இட்டேன்.

நடந்தது. பெண்களின் பிளவுசுக்குக் கழுத்தைச் சுற்றி மணி கோர்த்துத் தைப்பது கைவேலை. எங்கள் தொழிற்சாலையில் அதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. வெட்டித் தைத்த பிளவுசுகள் பெட்டி பெட்டியாகக் கலகெதர வீதியில் ஒரு பழைய இரும்புக் கடையின் மேல்மாடிக்குப் போகும். மணி தைத்துத் திரும்பி வரும். எங்களிடம் முன்பு சுப்பர்வைசராக இருந்த சிங்களப் பெண்மணி ஒருவர்தான் அதை நடத்தினார். எல்லாருக்கும் அவர் "மிஸ்". அங்கே இருபது பெண்கள் இருந்தார்கள். நியமனக் கடிதம் இருந்தது எட்டுப் பேருக்கு மட்டும். அந்த எட்டுப் பேரின் கோப்பையும் செய்து கொடுத்தவன் நான்தான். படம், கடிதம், கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும். எப்போதாவது யாராவது அங்கே போய்ச் சேர்ந்தால் காட்டுவதற்கு.

அப்படி யாராவது வருவதாக இருந்தால் செய்ய வேண்டியதையும் பேசி வைத்திருந்தோம். நான் முன்கூட்டியே ஒரு ஃபோன் கோல் எடுப்பேன். மிஸ் எட்டுப் பேரை மேசையில் இருத்திவிட்டு மற்றப் பன்னிரண்டு பேரையும் துணி அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவார். வந்தவர்கள் போனதும் திறப்பார். முன்பு ஒரு தடவை அப்படி நாற்பது நிமிடம் நடந்தது. மறுநாள் அந்தப் பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்ததாக மிஸ் சொன்னார். நானும் சிரித்தேன். ஒளித்து வைப்பது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒதுக்கி வைப்பது என்றோம்.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை பெறுபேறு சரியாக வரவில்லை. இரண்டாவது தடவைக்காகக் கட்டுகஸ்தோட்டையில் டியூஷன் வகுப்புக்குப் போவதாகத்தான் காலையில் பஸ் ஏறுவாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தையலில் ஆசை, படம் வரைந்து உடுப்பு வெட்டுவாள். அந்தப் பேச்சை நான் எடுக்கவே விடவில்லை. "வீட்டுல ஒருத்தன் கார்மென்ட்ல கெடக்குறது போதும். நீ அந்தப் பக்கமே தலை வச்சிப் படுக்காத" என்று ஏசியிருக்கிறேன். குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு வீசிங், மூச்சிரைப்பு. மழைக் காலத்தில் மருந்தை உள்ளிழுக்கும் பம்ப் இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஒரு நாள் பின்னேரம் அந்த இணையத்தளத்தை என் ஃபோனில் அவளுக்குக் காட்டினேன். பெருமைக்குத்தான்.

"இது ஒங்க ஃபெக்டரியாப்பா?"

"ஆமா. இந்தா, எத்தன பேரு வேல செய்றாங்கன்னுகூடப் போட்டிருக்கு பாரு."

"வேல செய்ற எல்லாருமே இதுல இருக்காங்களா?"

"எல்லாருந்தான்."

"உண்மையா?"

"பின்ன பொய்யா? நான்தானே அனுப்புறேன்."

அவள் ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டு, "அப்பிடின்னா சரிதான்" என்றாள். வகுப்புத் தோழி ஒருத்தி அழைத்துப் போய் அவள் அந்த மேல்மாடியில் மணி தைக்கத் தொடங்கி அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. என் மனைவிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

ஒடிட் நடந்த அன்று காலையிலிருந்து மழை. ஒடிட்டுக்கு வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க வெளிநாட்டுப் பெண். மெதுவாகப் பேசுவார், எதையும் கையால் தொட்டுப் பார்ப்பார். அவருடைய மொழிபெயர்ப்பாளர் கொழும்பிலிருந்து ரயிலில் வருவதாக இருந்தது. கடுகண்ணாவைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டதால், மனேஜர் என்னை அவரோடு விட்டார். பெண்களிடம் அவர் கேட்டதை நான் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டேன், அவர்கள் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பொதி கட்டும் பகுதியில் அவர் ஒரு பிளவுசை எடுத்து, கழுத்தைப் புரட்டி, மணிகளின் மேல் விரலை ஓட்டினார். இது தைக்கும் பகுதியை நான் பார்க்கவில்லையே என்றார். பிறகு வாசலில் காவலாளியின் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பெட்டிகள் வெளியே போனதும் உள்ளே வந்ததும் அதில் திகதியோடு இருந்தன. அந்தக் கொப்பி எனக்கு ஞாபகமே வரவில்லை. மனேஜர் சிரித்துக்கொண்டே, அது ஒரு சின்ன இடம், சீக்கிரம் பதிவு செய்யப்போகிறோம், எட்டுப் பேர்தான் என்றார். அப்படியானால் இப்போதே போகலாமா என்று அந்தப் பெண் கேட்டார். மனேஜர் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, கை கழுவும் இடத்தில் நின்று கோல் எடுத்தேன். சிங்களத்தில்தான் பேசினேன்.

"மிஸ், வெளிநாட்டு ஆள் ஒருவர் வர்றாங்க. ஒரு மணித்தியாலம் ஆகும்."

"சரி சேர். நான் பார்த்துக்கிறேன்."

இருபத்தொரு செக்கன். அந்தக் கோல் என் ஃபோனில் இன்னும் இருக்கிறது. அழிக்கப் போய், அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மேல்மாடிக்கு ஏறும் படி கட்டடத்தின் பக்கவாட்டில் இருந்தது. நாங்கள் போனபோது இரண்டு மேசைகளில் எட்டுப் பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதையே காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. மிஸ் சிரித்தபடி எட்டுப் பேரின் கோப்பை நீட்டினார். வெளிநாட்டுப் பெண் ஒவ்வொரு படத்தையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எட்டும் சரியாக இருந்தன. நான் செய்த கோப்பு அல்லவா?

மண்டபத்தின் கோடியில் ஒரு கதவு, அதில் பூட்டு. அது என்ன அறை என்று கேட்டார். நான் சிங்களத்தில் கேட்டேன்.

"பழைய துணி சேர். சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட. அவர் குருணாகலுக்குப் போயிருக்கார்."

பழைய துணி, சாவி இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மழைக்காகச் சற்றுச் சத்தமாகவே சொன்னேன். உள்ளே பன்னிரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். என் குரலில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை.

மிஸ் தேநீர் கொண்டுவரப் போனார். நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு சிறு தாழ்வாரம். தரை முழுக்க ஈரக் குடைகளை விரித்துக் காயப் போட்டிருந்தார்கள், ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு. சுவர் ஆணிகளில் பைகள் தொங்கின. எட்டுப் பேருக்கு இவ்வளவு குடையா என்று யாரும் கேட்பார்கள். செருப்புகளைச் சாக்கில் போட்டுக் கட்டி மறைத்த மிஸ், குடைகளை மறந்துவிட்டார். அந்த வெளிநாட்டுப் பெண் இந்தப் பக்கம் வந்தால் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அதனால் குனிந்து குடைகளை மடக்கிச் சாக்குக்குப் பின்னால் தள்ளத் தொடங்கினேன்.

ஐந்தாவது குடையை மடக்கும்போது விரலில் கம்பி குத்தியது. கறுப்புக் குடை. ஒடிந்த கம்பியைச் செம்புக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி, முனையை உள்பக்கமாக வளைத்திருந்தது. கை வழுக்கியதால் கடைசிச் சுற்று மட்டும் கோணலாகப் போயிருந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் குசினிப் படியில் உட்கார்ந்து அதைச் சுற்றியவன் நான்.

குடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆணிகளைப் பார்த்தேன். மகளின் நீலப் பை நாலாவதாகத் தொங்கியது. பக்கப் பையைத் தடவினேன். பம்ப் உள்ளே இருந்தது.

அவள் எங்கேயாவது கடைக்குப் போயிருக்கலாம், குடையை யாருக்காவது இரவல் கொடுத்திருக்கலாம், பையையுமா கொடுத்திருப்பாள் என்று மூளை ஏதேதோ ஓடியது. துணி அறையின் பின்சுவர் அந்தத் தாழ்வாரத்தை ஒட்டித்தான் இருந்தது. ஜன்னல் இல்லை. சுவரில் காதை வைத்தேன். மழைதான் கேட்டது. பிறகு ஓர் இருமல் கேட்டது, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமுவது போல. அதன் முடிவில் ஒரு மெல்லிய விசில். பத்தொன்பது வருடமாகக் கேட்டுக் கண்விழித்த சத்தம் எனக்கு எப்படித் தெரியாமல் போகும்?

மிஸ் அடுப்படியில் தட்டில் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தார்.

"அறையைத் திறங்க மிஸ்."

"என்ன சேர் இது, இன்னும் பத்து நிமிசம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருவாங்க."

"உள்ள என் மகள் இருக்கு. அவளுக்கு வீசிங்."

அவருடைய முகம் போன போக்கைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு நொடிதான், உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், நான் பூட்டும்போது எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. இப்ப திறந்தா இருபது பேரும் தெருவில. உங்க வேலையும் போகும், யோசிங்க. பத்தே நிமிசம், சேர்."

நான் திரும்பிப் போய் என் கதிரையில் உட்கார்ந்தேன்.

இதை வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆனாலும் உட்கார்ந்தேன் என்றுதான் எழுத வேண்டும். உட்கார்ந்து மூன்று கேள்விகளை மொழிபெயர்த்தேன். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முதல் கேள்வி. குழாய்க் கிணறு என்றார் மிஸ், அப்படியே சொன்னேன். அவசரத்துக்கு வெளியேற எத்தனை வழி என்பது இரண்டாவது. இரண்டு என்றார், இரண்டு என்றேன். அந்த நேரம் முழுவதும் ஒரு பாதிச் செவி கதவில் இருந்தது. எதுவும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. இருமலே நின்றுபோவதுதான் வீசிங்கில் பயப்பட வேண்டிய இடம் என்று டொக்டர் ஒருவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. 

மூன்றாவது கேள்வி, மேசையில் இருந்த ஒரு மலையகப் பெண்ணுக்கு. விரும்பினால் வேலை நேரத்தில் வெளியே போக முடியுமா?

தமிழில் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"போலாம் சேர்" என்றாள், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளிநாட்டுப் பெண்ணும் கதவைப் பார்த்தார். இவர் எதைப் பார்க்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ஆங்கிலம் வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை.

"உள்ள என் புள்ள இருக்கு" என்றேன் தமிழில். "மூச்சு விட முடியாம கெடக்கு."

கேள்வி கேட்டவருக்கு அது விளங்கவில்லை. மேசையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ்ப் பெண்கள். அவர்களுக்கு விளங்கியது. கதிரைகள் சாய்ந்தன, மணிகள் தரையெல்லாம் சிதறி ஓடின. போலாம் என்று சொன்ன அதே பெண் பாய்ந்து போய் மிஸ்ஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சாவியக் குடு மிஸ்! குடுக்குறியா, கதவ ஒடைக்கவா?"

குருணாகலில் இருந்த சாவி மிஸ்ஸின் இடுப்பிலிருந்து வந்தது.

கதவு திறந்ததும் முதலில் வாடை அடித்தது. உடுப்பில் கறை எடுக்க அடிக்கும் மருந்து. இருட்டில் யாருடைய காலோ பட்டு ஒரு டின் கவிழ்ந்திருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். என் மகள் வரவில்லை. துணிச் சுருள்களுக்கு நடுவில் அவளை நேராக உட்கார வைத்து, தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பெட்டியிலிருந்து கிழித்த மட்டையால் விசிறியபடி ஒரு பெண் இருந்தார். என் வயது இருக்கும். மகளின் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. தோள்கள் மேலும் கீழும் போய்வந்தன, மூச்சு மட்டும் போகவில்லை.

தாழ்வாரத்துக்கு ஓடி, நீலப் பையோடு பம்பை எடுத்து வந்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். அவசரத்தில் முதல் அழுத்தல் கன்னத்தில் போனது. மட்டையால் விசிறிய பெண் என் கையிலிருந்து அதை வாங்கி, "நீங்க தள்ளுங்க சேர். இழு புள்ள, உள்ள இழு" என்று தானே அழுத்தினார்.

நாங்கள் வந்த வேனிலேயே கட்டுகஸ்தோட்டைப் பக்கம் விரைந்தோம். அந்த வெளிநாட்டுப் பெண் முன்னால் உட்கார்ந்து நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் வந்தார். விசிறிய பெண் மகளை விடவில்லை. பாதி வழியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நாங்க கதவத் தட்டுவோம்னுதான் சொன்னோம் சேர். இவதான் விடல. வெளிய எங்கப்பா குரல் கேக்குது, தட்டினா அவரு வேல போயிரும்னு கையப் புடிச்சிக்கிட்டா."

நான் மகளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து உதட்டுக்கு நிறம் வந்தது. மாஸ்க்கைச் சற்றுத் தூக்கி அவள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாவ ஏசாதீங்க." இரண்டாவது சில நாள் கழித்து வீட்டில் வந்தது. சாப்பிடக் கூப்பிட்டபோது அறையிலிருந்து, "பழைய துணிக்கும் சோறு உண்டா?" என்று கேட்டாள். மனைவி சிரித்துவிட்டாள். அவளுக்கு அது என்னவென்று தெரியாது. நானும் சிரிக்கப் பார்த்தேன்.

ஒரு வாரத்துக்குள் அந்த மேல்மாடி காலியாகிவிட்டது. மேசைகளை ஏற்றிக்கொண்டு லொறி போனதாகச் சொன்னார்கள். மிஸ்ஸின் ஃபோன் வேலை செய்யவில்லை. விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கும்படி மனேஜர் எனக்குச் சொன்னார். நான் அடிக்கடி அந்த இணையத்தளத்தைத் திறந்து பார்ப்பேன். எங்கள் புள்ளி அப்படியே இருக்கிறது. மேல்மாடி அதில் ஒருபோதும் இருந்ததில்லை. அதனால் அதிலிருந்து நீக்கவும் ஒன்றும் இல்லை. அந்த வெளிநாட்டுப் பெண்ணிடமிருந்து ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது. மகளின் சுகத்தை விசாரித்திருந்தார். கடைசி வரியில், நாங்கள் வருவதை அந்த இடத்துக்கு யார் முன்பே அறிவித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். இன்னும் பதில் எழுதவில்லை. நான் கதவைத் திறக்க வைத்த அப்பா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். யாராவது வாசலில் கூப்பிட்டால் முதலில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன்.

போன வெள்ளிக்கிழமை அப்படி ஒரு குரல் கூப்பிட்டது. மகளுக்கு மட்டையால் விசிறிய பெண். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிளாஸ்டிக் உறையில் தன் அடையாள அட்டையும் வைத்திருந்தார்.

"புள்ள எப்பிடி இருக்கு சேர்?"

"இப்ப பரவால்ல. உள்ள வாங்க, உக்காருங்க."

கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தொழில் அலுவலகத்துக்குப் போனாராம். மூன்று வருடம் அங்கே வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டிருக்கிறார்கள்.

"கடிதம் இருக்கான்னாங்க, இல்ல. சம்பளச் சிட்ட இருக்கான்னாங்க, இல்ல. கோப்புல எட்டுப் பேருதான் இருக்காங்கன்னாங்க. அப்ப நான் மூணு வருசமா எங்க போய்ட்டு வந்தேன் சேர், பேயா?" சிரித்தார். "பெரிய ஃபெக்டரியில இருந்து யாராவது ஒருத்தரு வந்து சொன்னா எடுத்துக்குவாங்களாம். நீங்க வருவீங்களா? திங்கக்கெழம."

"வர்றேன்" என்றேன். அதைச் சொல்வது கடினமாக இருக்கவில்லை.

அவர் வாழைப்பழத்தை மேசையில் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு எங்கள அரை மணித்தியாலம் முன்னாடியே உள்ள போட்டுட்டாங்க. யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும் சேர். அந்த ஆளு மொகத்த ஒரு தடவ பாக்கணும்" என்றார்.

மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிடலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மிஸ் எங்கேயோ போய்விட்டார்.

"நான்தான் கோல் எடுத்தது" என்றேன்.

அவர் அடையாள அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். வெளியே வீதியில் ஒரு த்ரீவீல் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. 

"ஒங்க மகள் உள்ள இருக்குன்னு தெரிஞ்சா எடுத்திருப்பீங்களா?"

"இல்ல."

"ம்." எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். ஒரு காலில் மாட்டி, மற்றதில் மாட்டாமல் நின்றார். "என் மகளுக்கும் பத்தொம்பதுதான் சேர். நல்லகாலம், அன்னிக்கு அவள நான் கூட்டிட்டு வரல." பிறகு திரும்பினார். "திங்கக்கெழம இதையும் சொல்லுவீங்களா? நீங்கதான் கோல் எடுத்தீங்கன்னு?"

 இதைச் சொன்னால் வேலை போகும், அது ஒன்று. பொலிஸ் வரைக்கும் போகலாம், அது இன்னொன்று. அதையெல்லாம்விட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் போட்ட அடையாளங்களையெல்லாம் யாரோ ஒருவர் மேசையில் வரிசையாக வைத்து, இதுவும் நீதானா, இதுவும் நீதானா என்று கேட்கப்போகிறார் என்ற பயம்.

"சொல்லுவாரு" என்றாள் என் மகள் வாசலிலிருந்து.

அந்தப் பெண் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நேற்றுப் பின்னேரம் மகள் எனக்கு எதிரில் உட்கார்ந்து துணி அறைக்குள் இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னாள். சிலருக்கு முழுப்பெயர் தெரியவில்லை. அவர்களுடைய ஊரையும், மேசையில் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்பதையும் சொன்னாள். நான் எழுதினேன். பதினொன்று ஆனதும் நிறுத்தினாள். நான் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு தன் பெயரை, ஏதோ அலுவலகத்தில் சொல்வதுபோல, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். அதையும் எழுதினேன். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் தொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். என்னோடு வருகிறாயா என்று அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. வரமாட்டேன் என்றால் தனியாகப் போவேன். வருகிறேன் என்றால், நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருந்து கேட்பாள்.